கிரெடிட் கார்டு கடன் 1.8 லட்சம், சம்பளம் 40 ஆயிரம். வீட்டுச் செலவையும் சமாளித்து எப்படி அடைப்பது?

"வீட்டில் எந்தெந்தச் செலவைக் குறைக்கச் சொல்லலாம்?" என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். யாரிடம் குறைக்கச் சொல்லப்போகிறீர்கள்? உங்கள் மனைவியிடம்தானே? 1.8 லட்சம் பாக்கி இருப்பது அவருக்கு இன்னும் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. தெரிந்திருந்தால் இந்தக் கேள்வியை அவர் கேட்டிருப்பார்.

நான் பேங்க்கில் வேலை பார்ப்பவள் இல்லை. மதுரையில் வாடகை வீட்டில், இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் வைத்துக் குடித்தனம் பண்ணுகிறவள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் பில்லில் பெரும்பகுதியை என் வீட்டுக்காரர் கார்டில் தேய்த்தார். அதைக் குறை சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிறகு மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை, அதை மட்டும் கட்டிக்கொண்டு வந்தார். அவர் கணக்கில் அது "ஒழுங்காகக் கட்டுவது". வீட்டில் பணம் இழுத்துப்பிடித்தது போல இருந்தபோது என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "காய்கறிக்கு மாசம் நாலாயிரம் ஆகுதா? கொஞ்சம் பாத்து செலவு பண்ணும்மா."

அன்று ராத்திரியே அவர் மெயிலைத் திறந்து கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்தேன். (அனுமதி கேட்டுத்தான். சண்டைக்கு வந்துவிடாதீர்கள்.) பிடிஎஃப்-க்குப் பாஸ்வேர்டு அவர் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும், அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. பாக்கி 1,40,000. மினிமம் டியூ 7,000.

"என்னங்க, இந்த 4,900 எதுக்கு?"

"அது வட்டி."

"அதுக்குக் கீழ 882?"

"வட்டிக்கு ஜிஎஸ்டி."

"வட்டிக்கு வரி வேறயா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

கூட்டிப் பாருங்கள், 5,782. கட்டிய ஏழாயிரத்தில் அசலுக்குப் போனது 1,200 ரூபாய் சொச்சம். அந்த மாதம் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் அதே கார்டைத் தேய்த்ததில் அந்த 1,200-ம் காலி. இன்னொன்று, முழுப் பாக்கியையும் கட்டாதவரை அந்த "45 நாள் வட்டி இல்லை" சலுகை கிடையாது. புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்குக்கூடத் தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பணம் எடுத்தால் கேட்கவே வேண்டாம், அதற்குத் தனிக் கட்டணம், முதல் நாளிலிருந்தே வட்டி.

எங்கள் தெருவில் வட்டிக்கு விடும் அக்கா மூன்று வட்டிக்குத் தருகிறார். அவரைப் பற்றி எல்லோரும் பின்னால் பேசுவார்கள். கந்துவட்டிக்கு எதிராக நம் மாநிலத்தில் 2003-லிருந்து சட்டமே இருக்கிறது. ஆனால் இந்தக் கார்டு மாதம் மூன்றரை வட்டி, ஜிஎஸ்டியோடு நான்குக்கு மேல்! வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே யாராவது வட்டியைக் குறைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

நான் செய்தது இதுதான். என் ஐந்து பவுன் ஆரத்தை எடுத்துக்கொண்டு பேங்க்குக்குப் போனேன். நகையை மதிப்புப் போடும் அப்ரைசர் ஆரத்தின் கொக்கிப் பக்கம் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, சொட்டு ஆசிட் விட்டுப் பார்த்துவிட்டு, பதக்கத்துக் கல்லுக்கு எடை கழித்தார். எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்ததுதான். கார்டு பாக்கி அளவுக்கே, 1,40,000 கடன் வாங்கினேன். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்பதரை. மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் 1,100 ரூபாய். 5,782 எங்கே, 1,100 எங்கே! அன்றே கார்டு பாக்கி மொத்தத்தையும் கட்டினோம். கார்டுக்குக் கட்டிய அதே ஏழாயிரத்தைச் சம்பளம் வந்த அன்றே நகைக் கடன் கணக்கில் போட ஆரம்பித்தோம். இப்போது அதில் 5,900 அசலுக்குப் போனது. வருடக் கெடு முடிந்ததும், மீதி இருந்த கடனுக்கு ஆரத்தை மாற்றி வைத்தோம். தீபாவளி போனஸ் வந்ததும் ஆரம் வீட்டுக்கு வந்துவிட்டது.

"ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். ஆமாம், கடன்தான். நாலு வட்டிக் கடனை முக்கால் வட்டிக் கடனாக மாற்றியதில் என்ன தப்பு என்று அவர்களே சொல்லட்டும். "நகை உணர்வுபூர்வமான விஷயம்" என்பவர்களுக்கு: என் ஆரம், என் உணர்வு, நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மனைவியின் நகையை அவரிடம் சொல்லாமல் எடுத்துப்போய் வைக்க இந்தப் பதிலைக் காரணம் காட்டாதீர்கள்.

நகை இல்லை என்றால் கார்டு கம்பெனியிடமே பாக்கியை ஈஎம்ஐயாக மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தனிநபர் கடன். ப்ராசஸிங் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள். நகைக் கடனைவிட வட்டி கூடத்தான், ஆனாலும் மூன்றரை வட்டிக்குப் பரவாயில்லை. "பில்லை நாங்கள் கட்டுகிறோம், பிறகு அதே தொகையை உங்கள் கார்டில் தேய்த்துக்கொள்கிறோம், நூற்றுக்கு மூன்று ரூபாய் கமிஷன்" என்று கடை போட்டிருப்பவர்கள் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். கமிஷனும் போகும், கடனும் அப்படியே நிற்கும்.

இப்போது அந்த வீட்டுச் செலவு. நானும் குறைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. இட்லி மாவுக்கு ரேஷன் அரிசி, பருப்பும் பாமாயிலும் ரேஷனில், அத்தையை நானே டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனேன், பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கும் அத்தைக்கும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. இவ்வளவு செய்தும் மாதம் 1,500 மிச்சம். வட்டியை இறக்கியதில் மிச்சம் 4,600-க்கு மேல். ஞாயிற்றுக்கிழமை மீனை நிறுத்தவில்லை. கத்தரிக்காயில் பத்து ரூபாய் பேரம் பேசித்தான் குடும்பம் நிமிரும் என்று பெண்களுக்கே பாடம் எடுப்பவர்கள் முதலில் ஸ்டேட்மென்ட்டைப் படிக்கட்டும்.

உண்மையில் குறைக்க வேண்டிய செலவு ஒன்று இருக்கிறது, அதை எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்: மொய். வைகாசி, ஆவணி வந்தால் வாரம் இரண்டு பத்திரிகை. இப்போது மொய் எழுதவும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ரசீது அச்சடித்துக் கையில் தருகிறார்கள். என் வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒருவருக்கு 5,000 செய்தோம், ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. எங்கள் மகள் காதுகுத்துக்குக் குடும்பத்தோடு வந்து, கறிக்குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு 1,000 எழுதிவிட்டுப் போனார். கேட்டால் "கை டைட்டு" என்றாராம். எங்கள் கை என்ன லூஸாகவா இருந்தது? சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

பாக்கியை முழுக்கக் கட்டிய பிறகு அடுத்த மாதமும் ஸ்டேட்மென்ட்டில் கொஞ்சம் வட்டி வரும். போன பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கானது அது. "அடைச்சாச்சே" என்று விட்டுவிடாமல் அதையும் கட்டுங்கள், லேட் ஃபீ போட அதுவே போதும். பிறகு கார்டை மூட எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. எங்களிடம் "லைஃப்டைம் ஃப்ரீ ஆக்கித் தர்றோம், வச்சுக்கோங்க மேடம்" என்று கெஞ்சினார்கள். விதியைச் சொன்னதும் மூடினார்கள். பாக்கி எதுவும் இல்லை என்று எழுதித் தரும் நோ டியூ லெட்டரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். கொஞ்ச நாள் கழித்து, நம் கடன் கணக்கையெல்லாம் பதிந்து வைக்கும் சிபில் ரிப்போர்ட்டில் "குளோஸ்டு" என்று இருக்கிறதா பாருங்கள். "செட்டில்டு" (பேரம் பேசிக் குறைத்துக் கட்டியது) என்று இருந்தால் விடாதீர்கள், முழுப்பணம் கட்டியவருக்கு அந்தப் பெயர் வரக் கூடாது.