இடுப்பு மூட்டு மாற்றும்போது ட்ரயல் போட்டுப் பார்ப்பது எதற்காக?

கேள்வி: இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் முதலில் ஒரு மாதிரி மூட்டைப் பொருத்தி, காலை ஆட்டிப் பார்த்து, அதைக் கழற்றிவிட்டுத்தான் அசலைப் பொருத்துவார்களாமே? அளவு எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடாதா? மயக்கத்தில் இருக்கும் நேரத்தை இதற்காக நீட்டுவது சரிதானா?

பதில்:

எலும்பின் அளவு எக்ஸ்ரேயில் தெரியும். தசை எவ்வளவு இழுக்கிறது என்பது தெரியாது. ட்ரயல் போடுவது முக்கியமாக அந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான்.

நான் எலும்பு அறுவை அரங்கில் ஸ்க்ரப் நர்ஸ். கருவி மேசைக்குப் பின்னால் நிற்பவள். ட்ரயல் துண்டுகளைக் கோர்த்துக் கொடுப்பதும் திரும்ப எண்ணி வாங்குவதும் என் வேலை. ஆகவே மேசைப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். சர்ஜன் யாராவது பதில் எழுதினால் அதையும் படியுங்கள், அவர்கள் கைக்குத் தெரிவது எனக்குத் தெரியாது.

செயற்கை இடுப்பு மூட்டில் பொதுவாக நான்கு துண்டுகள். இடுப்பெலும்பின் குழியில் உட்காரும் கப். அதற்குள் பொருந்தும் லைனர். தொடை எலும்பின் குழாய்க்குள் இறங்கும் ஸ்டெம். ஸ்டெம்மின் கழுத்தில் ஏறும் உருண்டையான ஹெட். ட்ரயல் துண்டுகள் தட்டுத் தட்டாக வரும், ஒவ்வொரு அளவிலும் ஒன்று. பல செட்டுகளில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம் இருக்கும். ட்ரயல் ஹெட்டுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்றே நினைப்பீர்கள். பயன்படுத்தியதும் கழுவி, 134 டிகிரி நீராவியில் கிருமி நீக்கி, அடுத்த ஆபரேஷனுக்கு எடுப்போம். அசல் துண்டு அப்படியல்ல. ஸ்டெரைல் உறைக்குள் ஒருவருக்கு ஒன்று என்று வரும். பிரித்துவிட்டால் பிரித்ததுதான், திரும்ப அலமாரிக்குப் போகாது.

கப் பக்கத்து ட்ரயல் எளிது. துருவியை அரைப் பந்தாக வளைத்தது போன்ற ரீமரால் குழியை மில்லிமீட்டர் கணக்கில் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். எலும்பில் பிடித்துக்கொள்ளப் பூசும் சிமெண்ட் இல்லாமல் பொருத்தும் கப் என்றால் குழியைக் கொஞ்சம் இறுக்கமாகவே விடுவார்கள். 53 வரை துருவிவிட்டு 54 கப்பை அடித்து இறக்குவது மாதிரி. ட்ரயல் கப்பில் ஓட்டைகள் இருக்கும், அது அடிவரை போய் உட்கார்ந்ததா என்று அவற்றின் வழியே பார்த்துக்கொள்ளலாம். சிலர் இந்தப் படியைத் தாண்டி நேராக அசல் கப்பையே வைத்துவிடுவார்கள். அதற்குள் லைனர் மட்டும் ட்ரயலாக இருக்கும்.

தொடைப் பக்கம் இன்னும் சுவாரசியம். பல செட்டுகளில் ஸ்டெம்முக்கென்று தனி ட்ரயலே கிடையாது. ப்ரோச் என்று அரம் போலப் பல் வைத்த ஒரு கருவி, ஸ்டெம்மின் வடிவத்திலேயே இருக்கும். சின்ன அளவில் தொடங்கி ஒவ்வொன்றாக எலும்புக்குள் அடித்து இறக்குவார்கள். நல்ல பிடிப்பு கிடைக்கும்போது சுத்தியல் சத்தம் மாறும். அதுவரை மொத்தையாகக் கேட்ட சத்தம் திடீரென்று கணீரென்று ஆகும். அனுபவப்பட்ட சர்ஜன் அதைக் கேட்டதும் கையை நிறுத்துவார். அதற்கு மேலும் அடித்தால் எலும்பு விரிசல் விடலாம். நின்ற இடத்தில் கைப்பிடியை மட்டும் கழற்றிவிட்டு ப்ரோச்சை உள்ளேயே விட்டுவிடுவார்கள். எலும்பைச் செதுக்கிய அதே கருவி இப்போது ட்ரயல் ஸ்டெம் ஆகிவிட்டது. அதன் மேல் ட்ரயல் கழுத்து, கழுத்தின் மேல் ட்ரயல் ஹெட். காலை இழுத்துத் திருப்பி ஹெட்டைக் கப்புக்குள் சேர்ப்பார்கள்.

இப்போது அறையில் பேச்சு குறையும். சர்ஜன் காலைக் கையில் எடுத்துக்கொள்வார். பின்பக்கமாகத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றால் முதலில் இடுப்பை 90 டிகிரி மடக்கி, காலை உட்பக்கமாகத் திருப்புவார். தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து குனிவது போன்ற நிலை அது, மூட்டு பின்பக்கமாக நழுவுவதென்றால் பெரும்பாலும் அங்கேதான் நழுவும். எவ்வளவு தூரம் திருப்பியபின் ஹெட் வெளியே எட்டிப்பார்க்கிறது என்று கவனிப்பார். அப்புறம் காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார், அது முன்பக்க நழுவலுக்கு. அப்புறம் காலைக் கீழ்நோக்கி இழுப்பார், ஹெட் கப்பிலிருந்து சில மில்லிமீட்டர் விலகும். தாராளமாக விலகினால் தொளதொளப்பு. அசையவே மறுத்தால் இறுக்கம். இன்னொன்றும் உண்டு: இடுப்பை நீட்டி, முழங்காலை மடக்கி, கையை விட்டுவிடுவார். கால் தானாக உதைப்பது போல நீண்டுகொண்டால் தொடையின் முன்தசை இழுபட்டு நிற்கிறது, கால் நீளமாகிவிட்டது என்று சந்தேகிப்பார். கடைசியாக இரண்டு முழங்கால்களையும் சேர்த்து வைத்து நீளம் ஒப்பிடுவார்.

"சிஸ்டர், ஒரு அளவு கூட்டுங்க" என்பார். நான் அடுத்த நிற ஹெட்டை எடுப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஹெட்டும் ஒரே உருண்டைதான், வித்தியாசம் உள்ளே இருக்கும் குழியின் ஆழத்தில். குழி ஆழமாக இருந்தால் ஹெட் கழுத்தில் கீழே இறங்கி உட்காரும், ஆழம் குறைந்தால் மேலே நிற்கும். பல செட்டுகளில் ஒரு படிக்கு 3.5 அல்லது 4 மில்லிமீட்டர். ஆனால் 4 கூட்டினால் கால் 4 மில்லிமீட்டர் நீளும் என்று கணக்குப் போடக் கூடாது, ஏனென்றால் கழுத்து சாய்ந்திருக்கிறது. கழுத்துக் கோணம் 135 டிகிரி என்றால், 4 மில்லிமீட்டர் கூட்டும்போது காலின் நீளத்தில் ஏறத்தாழ 2.8 கூடும், பக்கவாட்டிலும் 2.8 தள்ளும். பக்கவாட்டில் தள்ளுவதால் இடுப்பின் பக்கத் தசை இறுகும், மூட்டுக்குப் பிடிமானம் வரும். அது வேண்டும். நீளம் வேண்டாம். இரண்டும் ஒன்றாக வருவதுதான் தலைவலி. இதற்காகவே அதே அளவில் கழுத்து மட்டும் வெளியே தள்ளிய ஸ்டெம்களும் இருக்கின்றன. நீளத்தைத் தொடாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தலாம். ட்ரயல் கழுத்தை மாற்றினாலே அது ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். லைனரிலும் ஒரு பக்கம் உதடு தூக்கிய வகை உண்டு. எந்தப் பக்கம் நழுவப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் உதட்டைத் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள்.

1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் இன்றைய முறைக்கு அடித்தளம் போட்டபோது அவருடைய ஸ்டெம்மும் ஹெட்டும் ஒரே உலோகத் துண்டு. ஹெட்டின் விட்டம் 22.225 மில்லிமீட்டர், அதாவது 7/8 அங்குலம். ஹெட்டை மட்டும் மாற்றி நீளம் பார்க்கும் வசதியெல்லாம் கிடையாது. இன்று 32, 36 என்று பெரிய ஹெட்டுகள் வழக்கமாகிவிட்டன. கழுத்தும் ஹெட்டும் தனித்தனியானபிறகுதான் ட்ரயல் தட்டு இவ்வளவு பெரிதானது. என் மேசை நிறைந்து போனதற்கும் அதுதான் காரணம்.

சரி, எக்ஸ்ரே விஷயம். ஆபரேஷனுக்கு முன்பே படத்தின் மேல் அளவு வரைந்து, எந்தக் கப், எந்த ஸ்டெம் என்று திட்டம் போடத்தான் செய்கிறார்கள், அது இல்லாமல் யாரும் கத்தியை எடுப்பதில்லை. ஆனால் திட்டத்தில் இருந்த ப்ரோச் எலும்புக்குள் இரண்டு மில்லிமீட்டர் மேலே நின்றுவிடலாம். கப் சில டிகிரி திரும்பி உட்காரலாம். கப்புக்குச் சாய்வு 40 டிகிரி, முன்திருப்பம் 15 டிகிரி, இரண்டிலும் பத்துப் பத்து கூடக் குறைய என்று 1978-ல் லெவின்னெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு பாதுகாப்பு எல்லை சொன்னார்கள். இன்றும் அரங்கில் அந்த எண்கள்தான் வாயில் வரும். ஆனால் அந்த எல்லைக்குள் வைத்த மூட்டுகளும் நழுவியிருக்கின்றன. கோணம் சரியாக இருப்பதும் இந்த மனிதருடைய காலில் இது நிற்பதும் வேறு வேறு.

புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பது மாதிரி என்று இதைச் சிலர் விளக்குவார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்காது. செருப்பு கடித்தால் கால்காரர் சொல்வார். இங்கே கால்காரருக்கு உணர்வில்லை, தசையும் மயக்க மருந்தில் தளர்ந்து கிடக்கிறது. மருந்து தெளிந்தபின் அந்தத் தசை எப்படி இழுக்கும் என்பதைத் தளர்ந்த தசையைத் தொட்டு ஊகிக்க வேண்டும். அதனால்தான் ஒரே சோதனையை நம்பாமல் நாலைந்து விதமாக ஆட்டிப் பார்க்கிறார்கள்.

அசலையே வைத்துப் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று பயிற்சி மாணவிகள் கேட்பார்கள். கூடாது. அசல் ஹெட்டின் குழியும் ஸ்டெம்மின் கழுத்தும் மெல்லிய கூம்பு வடிவம், டேப்பர் என்போம். ஹெட்டை வைத்துத் தட்டியதும் இரண்டும் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுத்தால் பரப்பில் கீறல் விழலாம். செராமிக் ஹெட் என்றால் ஒருமுறை தட்டி உட்காரவைத்துக் கழற்றியதை மறுபடி பொருத்தவே கூடாது, பின்னால் உடையும் அபாயம் இருக்கிறது. ட்ரயல் ஹெட்டைக் கொஞ்சம் தளர்வாகச் செய்திருப்பது இதனால்தான். கையால் அழுத்தினால் ஏறும், இழுத்தால் வரும். அதை ஒருபோதும் சுத்தியலால் தட்டக் கூடாது.

ஆனால் அந்தத் தளர்வில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்த தொடக்க வருடங்களில் நடந்தது. ட்ரயல் ஹெட்டின் உள்ளே ஒரு சின்ன வளையம், கழுத்தைப் பிடித்துக்கொள்வதற்கு. பலமுறை நீராவியில் வெந்து அது தேய்ந்திருந்தது. கோர்க்கும்போது வழக்கமான 'க்ளிக்' வரவில்லை என்பதை என் விரல் கவனித்தது, வாய் சொல்லவில்லை. அவசரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆட்டிப் பார்த்து முடித்து மூட்டைத் திரும்பக் கழற்றும்போது கழுத்து மட்டும் வெளியே வந்தது. ஹெட்டைக் காணோம்.

மூட்டின் முன்பக்கமாக, இடுப்புக்குள்ளிருந்து வரும் தசையின் அடியில் போய்விட்டிருந்தது. உதவி டாக்டர் விரலை விட்டுத் துழாவப் போனார். பெரிய டாக்டர் "யாரும் தொடாதீங்க" என்றார். வழுவழுப்பான உருண்டை, விரல் பட்டால் இன்னும் மேலேதான் ஏறும், அங்கே பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவரச் சொல்லலாமா என்றால், பிளாஸ்டிக் அதில் சரியாகத் தெரியாது. காலின் நிலையை மாற்றி, தசையைத் தளர்த்தி, வெளியிலிருந்து வயிற்றோரமாக ஒருவர் அழுத்த, வளைந்த கருவியால் மெல்லத் தள்ளி எடுத்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிந்தபின் நான் அந்தக் 'க்ளிக்' விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, "அடுத்த தடவை அப்பவே சொல்லுங்க சிஸ்டர்" என்றார். திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

இப்படி ட்ரயல் ஹெட் உள்ளே தொலைவது அரிது, ஆனால் எங்கள் அரங்கில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. மருத்துவ இதழ்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். உச்சியில் ஓட்டை உள்ள ஹெட் என்றால் அதில் தையல் நூலைக் கோர்த்து முனையை வெளியே விட்டுவைப்பார்கள் சிலர். நான் இப்போது ஆபரேஷன் தொடங்குமுன்பே ஒவ்வொரு ட்ரயல் ஹெட்டையும் வெறும் கழுத்தில் மாட்டிக் காதருகே வைத்துக் கேட்பேன். சத்தம் வராதது தட்டிலிருந்து வெளியே போகும்.

அளவு முடிவானதும் சர்ஜன் உரக்கச் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், வெளி நர்ஸ் பெட்டியைக் காட்டுவார், மூவரும் லேபிளைப் படிப்போம். 36 ஹெட்டுக்கு 36 லைனர்தானா, இந்த ஸ்டெம்மின் டேப்பருக்கு இந்த ஹெட்தானா என்று. அதற்கப்புறம்தான் உறை கிழியும். அசல் ஸ்டெம் இறங்கியபின் பலர் மறுபடியும் ஒரு ட்ரயல் ஹெட்டை வைத்துப் பார்ப்பார்கள். வெளிப்பூச்சின் தடிமனால் அசல் ஸ்டெம் ப்ரோச் நின்ற இடத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் மேலே நின்றுவிடுவது உண்டு. அப்படி நின்றால் ஹெட்டில் ஒரு படி குறைத்துச் சரிசெய்வார்கள். பிறகு கழுத்தைத் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்தி, அசல் ஹெட்டை ஏற்றித் தட்டுவார்கள்.

நேரம் என்று கேட்டீர்கள். வழக்கமான ஆபரேஷனில் ட்ரயலுக்கு ஆவது சில நிமிடங்கள். அதை மிச்சம் பிடித்து, மூட்டு நழுவி மறுபடி மேசைக்கு வருவதைப் பார்த்தால் நீங்களே அந்த நிமிடங்களைக் கொடுத்துவிடுவீர்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து எழுந்து நிற்கும்போது அந்தக் கால் நீளமாகிவிட்டது என்று நிறையப் பேருக்குத் தோன்றும். "ட்ரயல் போட்டுப் பார்த்தீங்களே, அப்புறம் எப்படி?" என்று வார்டில் என்னையே கேட்டிருக்கிறார்கள். வருடக்கணக்கில் மூட்டு தேய்ந்து, தசை சுருங்கி, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து பழகியிருக்கும். புது மூட்டுக்கு அது நிமிர மாதங்கள் ஆகும். பலருக்கு உடற்பயிற்சியோடு அந்த உணர்வு போய்விடும். போகாவிட்டால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், சில மில்லிமீட்டர் நிஜமாகவே கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. மூட்டு நழுவாமல் நிற்க வேறு வழியில்லாமல் சர்ஜன் தெரிந்தே அதை விட்டிருக்கலாம். ஆபரேஷன் குறிப்பில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.