அரச கல்யாணப் பதக்கங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அரச கல்யாணங்களின் நினைவாக அடித்த பதக்கங்களைச் சேகரிக்க ஆசை. கையைக் கடிக்காத விலையில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: 1863 மார்ச் 10-ல் விண்ட்சரில் நடந்த கல்யாணத்திலிருந்து. மாப்பிள்ளை விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், பின்னாளில் ஏழாம் எட்வர்ட். பெண் டென்மார்க்கின் அலெக்சாண்ட்ரா. சாதாரண ஜனங்கள் வாங்குவதற்காக வெள்ளீயக் கலவையில் நிறைய அடித்தார்கள், இன்றும் கிடைக்கிறது.

கேள்வி: அதில் ஒன்று என்னிடம் உண்டு, ஆனால் மேலே ஓட்டை. மதிப்பு போச்சா?

பதில்: விலை குறையும், அவ்வளவுதான். நாடா கோத்து அணிந்துகொள்ளப் போட்ட துளை அது. எனக்கு ஓட்டை உள்ளதுதான் பிடிக்கும்.

கேள்வி: நெப்போலியன், மரி லூயிஸ் திருமணத்தின் வெண்கலப் பதக்கம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1810-லேயே அடித்தது என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: முகப்பை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். பாரிஸ் நாணயச்சாலை பழைய அச்சுகளை வைத்துக்கொண்டு பிற்காலத்திலும் இதே பதக்கங்களை அடித்து விற்றது. 1832 முதல் விளிம்பில் ஒரு சின்னம் குத்தினார்கள். முதலில் விளக்கு, 1841-ல் நங்கூரம், 1842-லிருந்து கப்பலின் முன்பகுதி, 1845-லிருந்து சுட்டும் கை, 1860-லிருந்து தேனீ, 1880-லிருந்து பழங்கள் நிறைந்த கொம்பு. கூடவே உலோகத்தின் பெயரும் இருக்கும். தேனீ தெரிந்தால், கல்யாணம் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து அடித்தது என்று அர்த்தம். போலி இல்லை, ஆனால் 1810-ன் விலையைக் கொடுக்காதீர்கள்.

விளிம்பில் ஒன்றுமே இல்லையென்றால் நல்ல அறிகுறிதான். ஆனாலும் சின்னத்தை அரத்தால் ராவி எடுத்திருக்கிறார்களா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அப்புறம் விட்டத்தை அளந்து, அருங்காட்சியகப் பட்டியலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் கொஞ்சம் சிறியதாக இருக்கும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால். எழுத்தின் ஓரங்களும் மழுங்கித் தெரியும்.

கேள்வி: கறுத்த வெள்ளிப் பதக்கத்தை விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: பூஜைச் சாமானுக்குச் சரி. பதக்கத்தில் கை வைக்காதீர்கள். தேய்த்தால் நுண்ணிய வேலைப்பாடும் சேர்ந்து போகும், வாங்க வருபவர் முதலில் கவனிப்பதும் அதைத்தான். பிவிசி உறையிலும் போடாதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும்.

கேள்வி: உங்களுக்கு மிகப் பிடித்தது எது?

பதில்: 1625-ல் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் பிரான்சின் ஹென்றியேட்டா மரியாவை மணந்ததற்கு அடித்த சின்ன வெள்ளிப் பதக்கம். அகலம் ஓர் அங்குலம்கூட வராது. ஒருபுறம் இருவர் முகமும், மறுபுறம் ரோஜாவையும் லில்லியையும் இறைத்துப் போகும் மன்மதன். ரோஜா மாப்பிள்ளை நாட்டுக்கு, லில்லி பெண் நாட்டுக்கு.

கேள்வி: 1981 சார்லஸ், டயானா நாணயம் வீட்டில் இருக்கிறது. என்ன தேறும்?

பதில்: இரண்டரைக் கோடிக்கு மேல் அடித்தார்கள். பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுங்கள்.