450 ஆண்டுகள் என்பது யார் எண்ணிச் சொன்ன கணக்கு?

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒரு விளக்கப்படம் மாட்டியிருக்கிறோம். மட்குவதற்குப் பாலித்தீன் பைக்கு 20 ஆண்டுகள், குடிநீர் பாட்டிலுக்கு 450 ஆண்டுகள், தூண்டில் நரம்புக்கு 600 ஆண்டுகள் ஆகும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "பிளாஸ்டிக் பாட்டில் வந்தே 450 ஆண்டுகள் ஆகவில்லையே, பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? (ஆசிரியை ஒருவர்)

பதில்: முதலில் அந்த மாணவிக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள், அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. பாலித்தீன் 1933-இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. குடிநீர் பாட்டில் செய்யப் பயன்படும் பெட் என்ற பிளாஸ்டிக்கிற்கு 1941-இல் காப்புரிமை கோரப்பட்டது. அதைக் கொண்டு பாட்டில் செய்யும் முறைக்கு நதானியேல் வயத் காப்புரிமை பெற்றது 1973-இல்தான். உலகின் மிகப் பழைய பெட் பாட்டிலுக்கே வயது ஐம்பதைச் சற்றுத் தாண்டியிருக்கிறது என்னும்போது, அது 450 ஆண்டுகளில் மட்கியதை எவரும் பார்த்திருக்க வழியில்லை.

இத்தகைய எண்கள் மதிப்பீடுகள். சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ ஒரு பொருள் எவ்வளவு எடை இழந்தது, அதன் மேற்பரப்பு எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து, அதே வேகம் இறுதிவரை தொடரும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது வழக்கம். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த காலின் வார்டு, கிறிஸ்டோபர் ரெட்டி ஆகிய இருவரும் இத்தகைய விளக்கப்படங்களைத் திரட்டி ஒப்பிட்டு, ஒரே பொருளுக்கு வெவ்வேறு படங்கள் பெரிதும் வேறுபட்ட ஆண்டுகளைச் சொல்வதையும், பல எண்களுக்குப் பின்னால் தக்க ஆய்வு ஆதாரம் இல்லாததையும் 2020-இல் எடுத்துக்காட்டினார்கள்.

ஒரே எண்ணைச் சொல்ல முடியாததற்குக் காரணம், பொருள் எங்கே கிடக்கிறது என்பதே காலத்தைத் தீர்மானிக்கிறது என்பதுதான். வெயிலில் கிடக்கும் பையின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைப் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அறுக்கின்றன. அதே பை குப்பை மேட்டின் அடியில் புதைந்தால் அங்கே வெளிச்சமும் இல்லை, போதிய ஆக்சிஜனும் இல்லை; ஏறக்குறைய போட்டது போட்டபடி கிடக்கும். கடலிலோ பாலித்தீன் மிதக்கும், நீர் புகுந்த பெட் பாட்டில் குளிர்ந்த, இருண்ட ஆழத்திற்கு இறங்கிவிடும். படத்தைக் கழற்ற வேண்டாம். "இவை மதிப்பீடுகள், இடத்திற்கேற்ப மாறும்" என்ற வரியை அந்த மாணவியின் கையாலேயே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் கிடந்த என் பிளாஸ்டிக் வாளி சில ஆண்டுகளிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. நூற்றாண்டுக் கணக்கெல்லாம் எதற்கு?

பதில்: உங்கள் வாளியில் நடந்தது நொறுங்குதல், அது மட்குதல் அன்று. பொதுமக்களிடம் போய்ச் சேர வேண்டிய செய்திகளில் இதைவிட முக்கியமானது வேறில்லை என்று நான் கருதுகிறேன். வெயிலில் நாள்பட்ட வாளியின் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்திருப்பீர்கள்; சாயம் வெளிறி, சுண்ணாம்பு போன்ற மாவு விரலில் ஒட்டும், பிறகு பிடியைத் தூக்கும்போது காது தெறித்து விழும். அந்த மாவு வாளியின் மேற்பரப்பேதான், வேறெங்கிருந்தும் வந்து படிந்த தூசி அன்று. அடுத்த மழையில் அது மண்ணுக்கும் சாக்கடைக்கும் போகிறது.

ஓர் இலை மட்கும்போது நுண்ணுயிர்கள் அதை உண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் தாதுக்களாகவும் மாற்றிவிடுகின்றன. பிளாஸ்டிக்கின் சங்கிலிகளோ, துண்டான பின்னும், பெரும்பாலான நுண்ணுயிர்கள் உட்கொள்ள முடியாத அளவுக்கு நீளமானவை. எனவே ஒரு வாளி இலட்சம் துகள்களாகிறதே தவிர, மறைந்துபோவதில்லை. பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் 2004-இல் 'மைக்ரோபிளாஸ்டிக்' என்ற சொல்லை அறிவியல் வழக்குக்குக் கொண்டுவந்தது கடலில் கண்ட இத்தகைய துகள்களை வைத்துத்தான். இன்று 5 மில்லிமீட்டருக்குக் குறைவான துண்டுகளை அப்படி அழைக்கிறோம். வாளியாக இருந்தவரை அதைக் கையால் எடுத்து அப்புறப்படுத்த முடிந்தது, மாவாகிய பின் முடியாது. ஆகவே விளிம்பு வெளுக்கத் தொடங்கியதுமே பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எண்களே உறுதியில்லை என்றால், இந்த அச்சமும் மிகைதானே?

பதில்: இல்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகம் செய்து குவித்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையில் மறுசுழற்சி கண்டது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம், மீதி 79 சதவீதம் குப்பைக் கிடங்குகளிலும் இயற்கைச் சூழலிலும் கிடக்கிறது. ஐம்பது ஆண்டுகளோ ஐந்நூறோ, மட்கும் வேகத்தைவிடக் குவியும் வேகம் பன்மடங்கு அதிகம்.

கேள்வி: 'மக்கும் பை' என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கலாமா?

பதில்: எந்தச் சூழலில் மட்கும் என்று பையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நாப்பரும் தாம்சனும் ஐந்து வகைப் பைகளை மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் திறந்த வெளியிலும் வைத்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 'உயிரிச் சிதைவுறும்', அதாவது நுண்ணுயிர்களால் சிதையும், என்று விற்கப்பட்ட பை, மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் இருந்த பிறகும் கடைச் சாமான்களைத் தாங்கியது! உரமாகும் வகைப் பை கடலில் மூன்றே மாதங்களில் காணாமற்போனது. மண்ணிலோ 27 மாதங்களுக்குப் பின்னும் கிடந்தது, எடையைத் தாங்கத்தான் அதற்கு வலுவில்லை. தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலப் பொருள்கள் விரைவாக மட்க, குப்பையைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மட்கவைத்து உரமாக்கும் ஆலை வேண்டும். தோட்டத்து மண்ணில் அந்தச் சூடு கிடைக்காது. வேதிப்பொருள் கலந்து விரைவில் நொறுங்கச் செய்த ஆக்ஸோ வகைப் பிளாஸ்டிக்கை 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருப்பது, என் பார்வையில், முற்றிலும் நியாயமான முடிவு.

கேள்வி: பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா கண்டுபிடித்துவிட்டார்களாமே?

பதில்: உண்மைதான். 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்த அந்த பாக்டீரியா, பெட் வகையின் மெல்லிய ஏட்டை 30 டிகிரி வெப்பத்தில் சுமார் ஆறு வாரங்களில் சிதைத்தது. ஆனால் அது பாலித்தீனைத் தொடுவதில்லை. பாட்டிலின் கெட்டியான பெட்டும் அதற்கு எளிதில் வசப்படாது.

கேள்வி: எண்களைச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஒரு சாண் ஆழத்தில் நான்கு குழிகள் வெட்டி, உதிர்ந்த இலை, செய்தித்தாள், பருத்தித் துணி, பாலித்தீன் பை ஆகியவற்றை எடை போட்டுப் புதைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு குச்சி நடச் சொல்லுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை தோண்டி, மண்ணைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மறுபடி எடை பார்த்துக் குறித்து வைக்கட்டும். இலையும் தாளும் அடையாளம் தெரியாமற்போன பிறகும் பையில் அச்சிட்ட எழுத்தைப் படிக்க முடியும். அந்த வகுப்பு பள்ளியை விட்டுப் போகும்போது குறிப்பேட்டை அடுத்த வகுப்பிடம் ஒப்படைத்துவிடட்டும்.