மூன்று முறை பரிசில்லாமல் திரும்பிய மகள்

கேள்வி: நாங்கள் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். 13 வயதாகும் என் மகள் ஆறு ஆண்டுகளாகக் கர்நாடக சங்கீதம் பயில்கிறாள். மூன்று போட்டிகளுக்கு மயிலாப்பூர் வரை அழைத்துச் சென்றும் பரிசு கிடைக்கவில்லை. இந்தப் போட்டிகளால் அவளுக்கோ நம் பகுதிக்கோ என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நிறுத்த வேண்டாம். ஆனால் எல்லாப் போட்டிகளுக்கும் அழைத்துச் சென்று குழந்தையைக் களைப்படையச் செய்யவும் வேண்டாம்.

நான் நடுவராக இருந்த ஒரு போட்டிக்கு எண்ணூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்த சிறுமி ஒருத்தி, தொண்டை வறண்டு, பாட்டின் கடைசிப் பகுதியான சரணத்தில் மேல் ஷட்ஜத்தை, அதாவது உயர்ந்த 'ஸ' ஸ்வரத்தை, எட்ட முடியாமல் நின்றுவிட்டாள். என் அருகில் இருந்த மூத்த வித்வான் மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு, அரைக் கட்டை இறக்கிப் பாடும்மா" என்றார். சுருதிப் பெட்டியின் ஒலியை அந்த அளவு தாழ்த்தியதும் அதே சரணம் தடையின்றி வந்தது. அன்று அவளுக்குப் பரிசு இல்லை. தன் குரலுக்குப் பொருந்தும் சுருதி எது என்பதைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பினாள். குருவின் காதுக்குப் பழகிப்போன குறையைப் புதிய காது உடனே பிடித்துவிடும். ஆகவே, நுழைவுக் கட்டணம் செலுத்துமுன், பாடிய குழந்தையிடம் நடுவர்கள் பேசுவார்களா, வயலினும் மிருதங்கமும் பக்கத்தில் இருக்குமா, வென்றவர்களுக்குக் கச்சேரி மேடை கிடைக்குமா என்று விசாரியுங்கள். கோப்பையை மட்டும் கொடுத்து அனுப்பும் போட்டியைத் தயங்காமல் தவிர்க்கலாம்.

நம் பகுதிக்கு என்ன பயன் என்ற கேள்வி என் மனத்துக்கு மிக நெருக்கமானது. வடிவுடையம்மன் என்று நாம் அழைக்கும் திருவொற்றியூர் திரிபுரசுந்தரியின் மீது தியாகராஜர் ஐந்து கிருதிகள் இயற்றியிருக்கிறார். அவருடைய சீடரான வீணை குப்பய்யர் வடசென்னையின் முத்தியால்பேட்டையில் வாழ்ந்தவர். இவ்வளவு இருந்தும், போட்டி என்றாலே நாம் தெற்கு நோக்கிப் பயணப்படுகிறோம். அந்த ஐந்து கிருதிகளையே பாடத்திட்டமாக வைத்து, வடிவுடையம்மன் கோயிலை ஒட்டிய ஒரு மண்டபத்தில் உங்கள் மகளின் ஆசிரியையும் பக்கத்துப் பாட்டு ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு நாள் போட்டி நடத்தினால், பாடும் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் பாட்டு பாடமாகும். மிருதங்கம் பயிலும் பிள்ளைகளுக்கு வாசிக்க இடம் கிடைக்கும். கேட்க வரும் தெருக்காரர்கள் அடுத்த கச்சேரிக்கும் வருவார்கள். வெளியூர் வித்வான் ஒருவரை நடுவராக அழையுங்கள். தன் மாணவருக்குத் தானே மதிப்பெண் போட்டார் என்ற பேச்சு எழுந்தால், அடுத்த ஆண்டு யாரும் வரமாட்டார்கள்.

இன்னொன்றையும் உடனே கவனியுங்கள். மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 10 முதல் 14 வயது வரையுள்ள கலை மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. உங்கள் மகளுக்கு அந்த வயது கடந்துகொண்டிருக்கிறது. இந்த வாரமே ஆசிரியையுடன் அமர்ந்து, விண்ணப்பத்துக்குத் தேவையானவற்றைத் திரட்டத் தொடங்குங்கள்.