வைஃபை சிக்னல் மைனஸ் 60 என்று லினக்ஸின் ஐடபிள்யூ (iw) கட்டளை காட்டுகிறது, நான் எழுதிய நிரலோ 196 என்கிறது. வைஃபை டிரைவரில் கோளாறா?

டிரைவரைத் திட்டிக்கொண்டேதான் இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் மூன்று நாள் திட்டியவன். அதே டிரைவரிடம் கேட்டு ஐடபிள்யூ சரியாகச் சொல்கிறது என்றால், தப்பு உங்கள் நிரலில்தான். சிக்னல் வரும் அந்த ஒரு பைட்டை மைனஸும் தாங்கும் எண்ணாகப் படியுங்கள்: 196-இல் 256 போனால் மைனஸ் 60.

என் கதை இதைவிடக் கேவலம். கத்திரி வெயிலில், வேலூர் சத்துவாச்சாரி மாடி அறை ஒன்றில் உட்கார்ந்து, லினக்ஸின் மையமான கெர்னல், நிரல்களோடு பேசும் நெட்லிங்க் வழியாக அனுப்புவதைப் பிரிக்க நானே நிரல் எழுதினேன். 'இதைப் பிரிக்கவென்றே உள்ள லிப்என்எல் நூலகம் எதற்கு இருக்கிறது?' என்று கேட்க வருகிறவர்களே, தெரியும். வம்பை விலைக்கு வாங்கினேன், போதுமா?

4 பைட், 8 பைட் மதிப்புகள் வந்தவரை ஒழுங்காக ஓடியது. சிக்னலைத் தொட்டதும் தொங்கிவிட்டது. லேப்டாப் விசிறி மட்டும் இரைந்தது. கடைசியில் பைட்டுகளை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன்: 5 0 7 0 196 0 0 0.

இப்படி வரும் ஒவ்வொரு மதிப்பும் ஒரு 'பண்பு'. அதில் முதல் இரண்டு பைட் நீளம், அடுத்த இரண்டு வகை; இந்த நான்கும்தான் தலைப்பு. இங்கே வகை 7, அதாவது சிக்னல். நீளம் 5 என்பதில் இந்தத் தலைப்பு 4 பைட்டும் அடக்கம். ஆனால் அடுத்த பண்பு 4-ஆல் வகுபடும் இடத்தில்தான் தொடங்கும். மிச்சம் மூன்றும் வெறும் நிரப்பல், நீளக் கணக்கில் சேராது. பாலாற்றில் தண்ணீர் ஓரமாக ஓடினாலும் பாலம் முழுவதையும் தாண்டித்தானே காட்பாடிக்குப் போகவேண்டும்? நான் 8 தாண்டாமல் 5-இல் இறங்கிவிட்டேன். அங்கே இருந்தது பூஜ்யம். நீளம் பூஜ்யம் என்றால் அடுத்த அடி அதே இடம்தான். செக்குமாடாகச் சுற்றியது. நீளம் 4-க்குக் குறைந்தால் நிறுத்து என்று ஒரு வரி எழுதியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

டிரைவர்கள் எல்லாம் உத்தமம் என்று வாதாட வரவில்லை. என் விஷயத்தில் அது பாவம், சரியாகத்தான் கொடுத்தது.

நான் திட்டியிருக்கவேண்டியது வீட்டுக்காரரை. சப்மீட்டரைக் காட்டி யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குவார். மின்வாரிய பில்லைக் கேட்டால் "பேரன் எங்கேயோ வைத்துவிட்டான் தம்பி" என்பார். காலி செய்யும்வரை அந்தப் பில் கிடைக்கவே இல்லை.