மானியம் ஏன் மறுக்கப்படுகிறது?

கேள்வி: எங்கள் சபையின் மாலை நேரப் பள்ளிக்கு இங்கிலாந்துக் கிறிஸ்தவ அறக்கட்டளை ஒன்று உதவி மறுத்துவிட்டது. எப்படி முடிவெடுக்கிறார்கள்?

பதில்: முதலில் பார்ப்பது உங்கள் தேவையை அல்ல, தங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தை. அதில் நோக்கமாக 'சுவிசேஷப் பணி' மட்டும் இருந்தால், பள்ளிக்குத் தர அறங்காவலர்களுக்கு அதிகாரமில்லை. அனுப்புமுன் அந்த நோக்கங்களைப் படித்துவிடுங்கள், பாதி ஏமாற்றம் குறையும்.

அடுத்து, இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், அந்தப் பணத்தைப் பெறுவதற்கான புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கும் உண்டா என்பார்கள். "பதிவுள்ள வேறு சங்கம் வாங்கித் தரும்" என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அந்தக் கைமாற்றத்தை 2020 சட்டத்திருத்தம் தடுத்துவிட்டது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

பட்ஜெட்டில் "இதர செலவு 1,60,000" என்ற ஒற்றை வரி சந்தேகத்தையே கிளப்பும். "ஆசிரியர் 2 பேர், மாதம் தலா 8,000, 10 மாதம்" என்று உடைத்து எழுதுங்கள்.