பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்குவோர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சுவர் ஈரம் பற்றியவை. அவற்றுக்குச் சேர்த்து ஒரே பதில். வீட்டின் வயது, சுவர் எதனால் கட்டியது, எத்தனை மாடி என்ற மூன்றையும் எழுதாதவர்களுக்கு வழக்கம்போலப் பதில் இல்லை.

கே: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். எழுபது ஆண்டு பழைய, கூரை ஒழுகும் வீட்டைத் தங்கும் விடுதியாக்கப் போகிறோம். டைல்ஸும் பெயிண்டும் தள்ளுபடியில் கிடைத்ததால் வாங்கி வைத்துவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது?

ப: வாங்கியதைப் பிரிக்காமல் ஒரு மூலையில் அடுக்குங்கள். டைல்ஸுக்கு வேலை வர மாதங்கள் ஆகும். பெயிண்ட் அதற்குள் கெட்டியாகிவிடலாம். முதலில் அனுமதி. பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைத் தங்கவைத்தால், பல இடங்களில் அது குடியிருப்பு என்ற கணக்கில் வராது. தீப் பாதுகாப்பு விதிகளைப் பார்த்த பிறகுதான் படிக்கட்டு, கதவு, அறை எண்ணிக்கை எல்லாமே முடிவாகும். எழுத்தில் அனுமதி வராமல் ஒரு செங்கல்லையும் பெயர்க்காதீர்கள். பிறகு கூரை, மழைநீர்க் குழாய், வடிகால். அடுத்து உத்திரம், விரிசல் போன்ற கட்டுமான வேலை. அதன்பின் சுவருக்குள் போகும் பைப்பும் ஒயரும், அப்புறம் பூச்சு. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே தரை, தச்சு வேலை, பெயிண்ட். கூரை ஒழுகும் வீட்டில் பெயிண்ட் வாங்கியவருக்கு இதற்கு மேல் என்ன சொல்ல?

கே: ஆறு படுக்கையறை இருக்கிறது. ஆறையும் வாடகைக்கு விடலாமா?

ப: நான்கு. ஒன்று உங்களுக்கு, தனிக் குளியலறையோடு. மற்றொன்று துணிமணிக்கும் துப்புரவுச் சாமானுக்கும். கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஓர் அறையை ஒழுங்காகத் தயார் செய்ய முக்கால் மணி நேரம் பிடிக்கும். நீங்கள் இரண்டு பேர்தான் என்றால் ஆறு அறை எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கே: கீழ்த்தள அறைகளில் மூன்றடி உயரத்துக்கு ஈரம் இருந்தது. பழைய பூச்சைக் கொத்திவிட்டு, நீர்த்தடுப்புப் பவுடர் கலந்த சிமெண்ட் பூசி, மேலே ஈரத்தடுப்புப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தோம். இரண்டே வருடத்தில் ஈரம் ஐந்தடிக்கு ஏறி, பூச்சு பொரிந்து கொட்டுகிறது. இதைவிட நல்ல பெயிண்ட் எது?

ப: எதுவும் இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி நிற்பதில்லை.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவரோ கல் சுவரோ நிலத்திலிருந்து கொஞ்சம் ஈரத்தை எப்போதும் இழுக்கும். இழுத்ததைத் தன் முகம் வழியாகவே ஆவியாக விட்டுவிடும். இரண்டும் சமமாக இருக்கும்வரை வீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் அந்த முகத்தை அடைத்துவிட்டீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறியது. மூன்றடி ஐந்தடியானது அப்படித்தான். ஈரத்தோடு வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருத்து, பூச்சை வெளியே தள்ளுகிறது. சிமெண்ட் பழைய செங்கல்லைவிடக் கடினமானது. அது பெயரும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டுதான் வரும். ‘நல்ல ஸ்ட்ராங்கா பூசித் தர்றேன்’ என்று கொத்தனார் சொன்னால், இந்தச் சுவருக்கு அந்த ஸ்ட்ராங்குதான் வினை என்று சொல்லுங்கள்.

சுவரைத் தொடுவதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள். வெளித்தரை உள்தரையைவிட 15 செ.மீ. ஆவது தாழ்ந்திருக்க வேண்டும். பூப்பாத்தி, நடைபாதை, கான்கிரீட் என்று வருடக்கணக்கில் ஏற்றியதில் பல வீடுகளில் இரண்டும் சமமாகிவிட்டிருக்கும். சுவரை ஒட்டி அரை மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட்டைப் பெயர்த்து, மண்ணைத் தாழ்த்தி, ஜல்லி போடுங்கள். ஜல்லிக்கு அடியில் தேங்கும் நீர் வடிந்துபோக வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வாய்க்கால் அல்ல, தொட்டி. மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, மண்ணுக்குள் போகும் கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத் தொல்லையில் பெரும்பங்கு இதிலேயே தீரும். கூரையும் வடிகாலும் முதலில் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்குத்தான்.

அதன்பின் சிமெண்ட் பூச்சை, ஈரம் தெரியும் உயரத்துக்கு அரை மீட்டர் மேல்வரை கொத்தி எடுங்கள். இடுக்குகளில் இருக்கும் தளர்ந்த காரையை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, வாரி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு காய விடுங்கள். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. 45 செ.மீ. சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம். ஆமாம், ஒன்பதுதான். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்த வேண்டாம்; காற்றோட்டம் போதும்.

காய்ந்த சுவருக்கு, ஒரு பங்கு நன்றாக ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய கரகரப்பான மணல். கடல் மணலில் உப்பு இருக்கும், கிட்டவே சேர்க்காதீர்கள். முதல் கோட் 10 மி.மீ., இரண்டாவது 8, மேல்பூச்சு 3. கனமாக அப்பினால் வெடிக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் நான்கைந்து நாள் வெயிலும் காற்றும் நேரே படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, இரண்டு கோட்டுக்கு இடையில் பத்து நாள் விடுங்கள். ‘ஒரு கை சிமெண்ட் போட்டா சீக்கிரம் இறுகும்’ என்பார்கள். அந்த ஒரு கையை அனுமதிக்காதீர்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை, நீர்க்கக் கரைத்து நான்கைந்து கோட். எமல்ஷன் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாத ஆளை வேலைக்கு விடக்கூடாது.

புதுப் பூச்சிலும் ஓரிரு வருடம் கொஞ்சம் உப்பு பூக்கும். தட்டிவிட்டால் போதும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள்.

கே: வீட்டின் முகப்புப் படத்தை இணைத்திருக்கிறேன். மொத்தம் எவ்வளவு செலவாகும்?

ப: முகம் பார்த்துப் பலன் சொல்ல நான் ஜோசியன் இல்லை. செலவெல்லாம் கூரைக்குள்ளும் தரைக்கடியிலும் சுவருக்குள்ளும் இருக்கிறது. அறைவாரியாக மதிப்பீடு வாங்கி, அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். கூரையைத் திறந்தே பார்க்கவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் இதில் இறக்காதீர்கள். வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள்தான் அறைகள் நிரம்பும் என்று வைத்துப் பாருங்கள். அப்போதும் கையைக் கடிக்காது என்றால் இறங்கலாம். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கட்டண விருந்தினரைக் கணக்கில் கொள்ளாது. அதையும் மாற்ற வேண்டும்.

கே: மாடி அறையில் புதிதாக இணைப்புக் குளியலறை. கழிவுநீர் இறங்கும் பிரதானக் குழாய் எதிர்ப் பக்கம், ஆறு மீட்டர் தள்ளி. மரத்தளம். உத்திரங்களில் ஓட்டை போட்டுக் கொண்டுபோகலாம் என்கிறார் பிளம்பர்.

ப: பிளம்பரிடமிருந்து ரம்பத்தை வாங்கி வையுங்கள். கழிப்பறைக் குழாய் 110 மி.மீ.; மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு என்றால் ஆறு மீட்டரில் 12 செ.மீ. இறக்கம். உத்திரத்தில் போடும் துளை அதன் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது, அதுவும் நடு உயரத்தில். 20 செ.மீ. உத்திரத்தில் 5 செ.மீ. துளைதான் தாங்கும். குளியலறையைக் குழாய் இருக்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள், அல்லது அறைக்கு வெளிச்சுவரில் புதுக் குழாய் இறக்குங்கள். மேலும் கீழும் குளியலறைகள் ஒரே நேரில் அமைவதே உத்தமம். குளியல்தொட்டி ஆசை இருந்தால், தொட்டியும் நீரும் ஆளும் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டலாம். மரத்தளம் தாங்குமா என்பதை ஒரு பொறியாளர் சொல்லட்டும்.

கே: உத்திரத்தில் சிறு ஓட்டைகள். புழு இன்னும் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

ப: ஓட்டைக்குக் கீழே கறுப்புக் காகிதம் ஒட்டிவையுங்கள். புதிதாக வெளிர்நிறத் தூள் விழுந்தால் இருக்கிறது. பேனாக்கத்தியால், முக்கியமாகச் சுவருக்குள் நுழையும் முனையில், குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி ஒட்டுப்போட வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வராமல் மருந்து அடிப்பது பாதி வேலைதான். ஈரம் எங்கிருந்து வருகிறது? மறுபடியும் கூரை, வடிகால்.

கே: ஒயரிங் பழையது, ஆனால் நன்றாக வேலை செய்கிறது. நான்கு குளியலறைக்கும் கீசர் மாட்டலாமா?

ப: நன்றாக வேலை செய்கிறது என்றால் இன்னும் தீப்பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். 3 கிலோவாட் கீசர் நான்கு சேர்ந்து 12 கிலோவாட். 230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் 52 ஆம்பியர். பழைய ரப்பர் உறை ஒயர் வளைத்தாலே நொறுங்கும், எர்த்தும் இருக்காது. முழுவதும் மாற்றுங்கள். கீசருக்குத் தனித்தனி சர்க்யூட், 4 சதுர மி.மீ. ஒயர். எல்லாவற்றுக்கும், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. வேலைக்கு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன், முடித்த பின் எழுத்தில் சோதனைச் சான்று.

கே: நான்கு கீசருக்குப் பதில் எல்லா அறைக்கும் சேர்த்து ஒரே வெந்நீர்த் தொட்டி வைக்கலாமா? எட்டுப் பேருக்கு 150 லிட்டர் போதுமா?

ப: எல்லோரும் ஒரே மணி நேரத்தில்தான் குளிப்பார்கள். ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர், எட்டு நிமிடம், சுமார் 70 லிட்டர். அதில் பாதி தொட்டியிலிருந்து வரும் வெந்நீர். எட்டுப் பேருக்கு 280. ஆகவே 300 லிட்டர். அதை 3 கிலோவாட்டில் சூடாக்க ஐந்து மணி நேரம் ஆகும் என்பதையும் மறக்காதீர்கள். 60 டிகிரியில் வையுங்கள். சிக்கனம் என்று 45-க்கு இறக்கினால் லெஜியோனெல்லா கிருமி வளரும். குழாய் முனையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் மிக்ஸிங் வால்வு போட்டால் யாரும் வெந்துபோக மாட்டார்கள்.

கே: இரண்டு அறைகளுக்கு நடுவே பழைய கதவு. அழகாக இருப்பதால் பூட்டி மட்டும் வைக்கலாமா?

ப: அடுத்த அறைக்காரரின் குறட்டை கேட்கும். ஒரு பக்கம் கதவை அப்படியே விட்டு, மறுபக்கம் கதவைத் தொடாத தனிச் சட்டம் நிறுத்தி, சத்தத்தை உறிஞ்சும் 50 மி.மீ. கனிமக் கம்பளி அடைத்து, 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு போடுங்கள். விளிம்பெல்லாம் சீலன்ட். ஒரு விரல் இடுக்கு விட்டாலும் செய்த வேலை பாழ்.

கே: ராத்திரி வாசல் கதவைப் பூட்டிச் சாவியை எங்கள் அறையில் வைத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் பூட்டு மட்டுமே. ஒன்று அலறினால் எல்லாம் அலறும்படி இணைத்த புகை அலாரம் அறைதோறும் வேண்டும்.

கே: சன்னல்களில் ஏழெட்டுப் படலம் பழைய பெயிண்ட். சாண்டிங் மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறோம்.

ப: திருப்பிக் கொடுங்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும். தூள் மூச்சில் போனால் குழந்தைகளுக்குத்தான் பெருங்கேடு. முதலில் பரிசோதியுங்கள். ஈயம் இருந்தால் நனைத்துச் சுரண்டுங்கள், நுண்தூளை வடிகட்டும் பி-100 முகமூடியோடு. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம்.

கே: ஆளில்லாத அறையின் குளியலறையில் மட்டும் சாக்கடை நாற்றம். என்ன பழுது?

ப: பழுது இருக்காது. தரை ட்ராப்பில், அதாவது சாக்கடை நாற்றத்தை மறிக்க நீர் தேங்கி நிற்கும் வளைவில், நீர் வற்றியிருக்கும். வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள். அதன் பிறகும் நாறினால், கழிவுக் குழாயின் வாயுவை வெளியே விடும் வென்ட் பைப்பைப் பாருங்கள்.